ஓ.டி.யும் என்.டி.யும் ஒரே டிஸ்க்கில்

கடலூர்க்காரனுக்கு ஹைபிரிட் டிஸ்க் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முதுநகரை ஓ.டி. என்றும் புதுநகரை என்.டி. என்றும் பிரித்துவிட்டு, இரண்டும் ஒரே ஊர் என்று சாதிக்கிறவர்கள் நாங்கள். டிஸ்க்கும் அதே கதைதான். 500 ஜிபி சுழலும் தட்டு ஓ.டி.; 8 ஜிபி ஃபிளாஷ் என்.டி. அடிக்கடி கேட்கிற தகவலுக்கு மட்டும் என்.டி.யில் வீடு. மற்றதெல்லாம் பழைய நடைதான். 2010இல் சீகேட் இந்த வகையை விற்றபோது ஃபிளாஷ் வெறும் 4 ஜிபி.

நானும் ஒன்று வாங்கிப் பழைய லேப்டாப்பில் மாட்டினேன். ஒருநாள் வேலை செய்யும். மறுநாள் 'டிஸ்க் இல்லை' என்று கையை விரிக்கும். பயாஸ் அமைப்பில் ஏஹெச்சிஐ, ஐடிஇ என்ற இரண்டு டிஸ்க் முறைகளுக்கும் இடையே மாறி மாறி அலைந்தேன். சிதம்பரம் பஸ் கண்டக்டர்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டார். சிதம்பரத்துக் கடைக்காரர், "ரெண்டுக்கும் ஒத்துக்கல சார், புது லேப்டாப் வாங்கிடுங்க" என்றார். ஜாதகம் பார்க்கிறவர் தொனி!

கடைசியில் துறைமுகம் ஜங்ஷன் பக்கத்து மெக்கானிக் தம்பி அடிமூடியைக் கழற்றினான். டிஸ்க்கின் தடிமன் 7 மி.மீ.; அது உட்கார வேண்டிய குழி 9.5. ஆடி ஆடி கனெக்டரை விட்டு நழுவியிருக்கிறது. இடைவெளியை அடைக்கும் பிளாஸ்டிக் சட்டம் டப்பாவிலேயே இருந்ததாம். குப்பையில் போட்ட புண்ணியவான் நான்தான். தம்பி ஊதுபத்தி அட்டையை மடித்துச் செருகினான். "இனிமே ஆடாதுண்ணே."

இரண்டு மாதமாக ஆடவில்லை. சூடானால் மட்டும் லேப்டாப்பில் சந்தன வாசம் வருகிறது.