கறிவேப்பிலைப் பாத்தியம்

எங்கள் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம். நட்டது என் அம்மா, அனுபவிப்பது பக்கத்து வீட்டு அக்கா. நடு மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. அவர்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் சேந்திய காலத்தில் வைத்தது. கிணறு வற்றிவிட்டது, கதவு வற்றவில்லை.

காலை ஆறரைக்குக் கதவு கிறீச்சிடும். நான் இடுப்புத் துண்டோடு பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க பாட்டுக்கு தேய்ங்க தம்பி, ரெண்டே ரெண்டு கொத்து" என்பார். ரசத்துக்கு இரண்டு கொத்து நியாயம். ஒருநாள் மகள் வீட்டுக்குப் பொடி அரைக்க முறம் நிறையப் பறித்துவிட்டார். மரம் திருப்பதி போய்வந்த மாதிரி நின்றது.

வக்கீல் நண்பனிடம் புலம்பினேன். "எத்தனை வருஷமா வர்றாங்க?"

"பதினெட்டு இருக்கும்."

"ஐயையோ, இன்னும் ரெண்டு வருஷந்தான்!"

1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டமாம். ஒருவர் 20 வருஷம் பகிரங்கமாக, இடைவிடாமல், உரிமையோடு அடுத்தவர் நிலத்தில் நடந்தால் அது பாத்தியமாகிவிடும். அங்கே முளைத்ததைப் பறிப்பதும் அதில் சேர்த்தியாம். வீட்டுக்கு ஓடிப் பத்திரத்தைப் புரட்டினேன். கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வீடு எங்கே இருக்கிறது என்பதற்கே அந்த அக்காவின் மாமனாரைத்தான் சாட்சிக்கு இழுத்திருந்தார்கள்: 'இன்னார் வீட்டுக்கு மேற்கு.'

பரிகாரமும் நண்பனே சொன்னான். "கேட்டு வாங்கினா அது உரிமை ஆகாது. அவங்க கேட்கணும், நீ சரின்னு சொல்லணும். அவ்வளவுதான்."

பதினெட்டு வருஷமாகக் கேட்காதவரை எப்படிக் கேட்க வைப்பது? இருமிப் பார்த்தேன், மிளகுக் கஷாயம் வந்தது. கடைசியில் கதவுக்கு என் பக்கம் தாழ்ப்பாள் வைத்தேன், நாய் வருகிறது என்று ஒரு பொய்யோடு.

மறுநாள் ஆறரைக்குக் கதவு தட்டும் சத்தம். "தம்பி, கறிவேப்பிலை பறிச்சுக்கலாமா?"

"தாராளமா பறிச்சுக்குங்க!" சட்டத்தையே காப்பாற்றிய பூரிப்பு. அன்றிலிருந்து தினமும் தட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி அனுமதி கொடுக்கிறேன்.

போன வாரம் கொத்தை முந்தானையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஆமா, மழைன்னு ஒருநாள் எங்க போர்ட்டிகோவுல ஸ்கூட்டரை விட்டீங்களே, அது எத்தனை வருஷம் இருக்கும்?"

பதினொன்று. அசடு வழிந்தபடி, "இன்னைக்கு நிறுத்திக்கட்டுமாக்கா?" என்றேன்.

"தாராளமா நிறுத்திக்குங்க தம்பி." தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொன்னார். அவர் மாப்பிள்ளையும் வக்கீல் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.