கிழிசலுக்கு வந்த வாழ்வு

எங்கள் வீட்டில் தைப்பதைச் சந்தோஷம் என்று யாரும் சொன்னதில்லை. சிக்கனம் என்றார்கள், பொறுப்பு என்றார்கள், பொம்பளைப் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்றார்கள். 1970களில் மதுரையில் பெண் பார்க்க வருகிறவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியாது என்றதும் ஒரு வருத்தமும் இல்லாமல் "தைக்கத் தெரியுமா?" என்று அடுத்ததற்குப் போவார்கள். பாட்டுக்குத் தலை குனிந்த அம்மாக்கள் அப்போது நிமிர்ந்து உட்காருவார்கள். "லோயர் முடிச்சிருக்கா. ஹையர் எழுதியிருக்கா." அரசாங்கம் நடத்தும் தையல் பரீட்சையைத்தான் சொல்வது. சொல்கிற தோரணையில் கலெக்டர் பரீட்சை என்றே தோன்றும்.

என் தம்பி மகள் பெங்களூரில் சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்புக்குப் போகிறாள். நல்ல துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டியதை எல்லாம் மறுபடி ஒன்றாகச் சேர்த்துத் தைக்கச் சொல்லித் தருகிறார்கள். குவில்ட் என்று பெயர். ஒரு மணி நேரம் தைத்தால் மனசு லேசாகிவிடுகிறதாம். கட்டணத்தைக் கேட்ட என் அம்மாவுக்கு மனசு கனத்துப் போனது.

அந்தக் காலத்தில் மிஷின் இருந்தது பெரியம்மா வீட்டில். கால் மிஷின், உஷா. கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் தயாரிப்பு. பெரியப்பா தவணையில் வாங்கியது. கடைசித் தவணை கட்டி முடித்த அன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கழுத்துப் பக்கம் தங்க நிறத்தில் பூ வரைந்திருக்கும். தோல் பெல்ட் தளர்ந்தால் பெரியம்மாவே அரை அங்குலம் வெட்டிக் கம்பிக் கொக்கியால் இணைப்பாள். நூல் அறுந்துகொண்டே இருந்தால் பாபின் கேஸில் இருக்கும் பொடி ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவாள். அந்தக் கால் சுற்றை எங்கள் யாரையும் தொட விட்டதில்லை.

எனக்குப் பாவாடை தைக்கும்போது பெரியம்மா என் உயரத்தை அளந்ததே இல்லை. நான் எட்டப்போகிற உயரத்துக்குத்தான் துணி வெட்டுவாள். அதிகப்படி நீளத்தை இடுப்புக்கும் கரைக்கும் நடுவே மூன்று டக்காக மடித்துத் தைத்துவிடுவாள். வருஷத்துக்கு ஒரு டக் பிரிப்பது. பிரித்த இடத்தில் மட்டும் துணி கடையில் வாங்கிய நிறத்தில் பளிச்சென்று இருக்கும். மற்ற இடமெல்லாம் சவுக்காரமும் வெயிலும் தின்றிருக்கும். ஒருத்தி எத்தனை வருஷமாக அதே பாவாடையில் காலம் தள்ளுகிறாள் என்பதை, வெட்டிய மரத்தில் வளையம் எண்ணுவதுபோல, பின்னால் நின்றே எண்ணிவிடலாம். அதை மறைக்க மேலே ஒரு ரிப்பன் வைத்துத் தைப்போம். மறைக்க வைத்த ரிப்பனே காட்டிக்கொடுத்துவிடும். போன வருஷம் தம்பி மகள் ஒரு பாவாடை வாங்கினாள். ஒரே நிறத்தில் வெளுத்த பட்டை ஒன்று, வெளுக்காத பட்டை ஒன்று என்று மாறி மாறி வரும். அதற்கென்று தனி டிசைனராம். வெயிலும் சவுக்காரமும் இலவசமாகச் செய்து கொடுத்த வேலை.

நூலுக்குக் குறைவில்லாத ஊர் எங்களுடையது. மதுரா கோட்ஸ் மில் அங்கே. ஊர் வாயில் ஆர்வி மில். எம்ப்ராய்டரிக்கு ஆங்கர் நூல் எட்டு மீட்டர்ச் சிட்டமாக வரும். ஆறு இழை சேர்ந்தது. பணக்கார வீட்டுப் பெண்கள் மூன்றிழை எடுத்துத் தைத்தால் பூ திரட்சியாக வரும். நாங்கள் ஒற்றை இழை எடுப்போம். ரோஜா என்றால் ரோஜா மாதிரி ஒரு யோசனை தெரியும்.

துணி எடுப்பதும் தைத்து வாங்குவதும் புது மண்டபத்தில். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இன்னும் அதற்குப் புது மண்டபம் என்றே பெயர். தூணில் யாளி, தூணடியில் தையல்காரர். ஒரு மிஷினில் பள்ளிக்கூடப் பை ஓடும். அடுத்ததில் சாமிக்குத் தொங்கவிடும் தொம்பை. சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணியில் யானையும் மயிலும் வெட்டி, வெள்ளைத் துணி மேல் வைத்து ஓரம் மடித்துத் தைப்பார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு வேண்டிக்கொண்டவர்களுக்கு வேஷத் துணி. தலையணை உறையென்றால் நீங்கள் கோயிலைச் சுற்றி வருவதற்குள் தயார். ரவிக்கையென்றால் மட்டும் எல்லா ஊர்த் தையல்காரரும் ஒரே சொல்: நாளைக்கு வாங்க. இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். யாளிகளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

போர்வைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதற்குக் குவில்ட் என்ற பெயர் இல்லை. அதற்கென்று ஒரு பெயருமே இல்லை. பழைய சேலைப் போர்வை, அவ்வளவுதான். துவைத்துத் துவைத்து மெலிந்த சுங்குடிச் சேலைதான் அதற்குத் தோது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளியெல்லாம் மங்கி, துணி தோலோடு தோலாக ஒட்டும் பதத்துக்கு வந்திருக்கும். அதில் கிழியாத பாகத்தை மேலும் கீழும் வைத்து, கிழிந்ததை நடுவில் அடுக்கி, திண்ணையில் விரித்து நான்கு மூலையிலும் அம்மிக் குழவி, படி, ஆழாக்கு, யாராவது ஒரு குழந்தை என்று பாரம் வைப்பார்கள். பிறகு ஓட்டுத் தையல். ஆச்சி ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். வாய் ஓயாது, ஊசியும் ஓயாது. ஆச்சி தையல் கோணல் மாணலாக ஓடும். கண் தெரியாததால் அல்ல, கதை சுவாரசியத்தில். அந்தக் கோணல் இருக்கிற இடத்தைப் பார்த்தே எந்த வீட்டு வம்பு பேசும்போது தைத்தது என்று அம்மா சொல்லுவாள்.

பிரசவத்துக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படி ஒன்று தயாராகும். புதுத்துணி பிள்ளையை உறுத்தும் என்பது சொல்லிக்கொள்ளும் காரணம். கையில் காசில்லை என்பது இன்னொன்று. அதை யாரும் சொல்வதில்லை.

எல்லா ஊரிலும் ஏழைப் பெண்கள் இதைச் செய்திருக்கிறார்கள். வங்காளத்துக் காந்தா, மராட்டியத்துக் கோதடி. வட கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்த துணியை வைத்துப் பூ என்பார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் குளிருக்காகப் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. தம்பி மகள் இதைப் படம் காட்டி விளக்கினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லாத்தான் தச்சிருக்காளுக. சொவத்துல மாட்டிட்டா எதைப் போத்திக்குவாளுக?"

தைப்பவளுக்கு அதில் சந்தோஷம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் வெளியே சொல்ல முடியாது. தையல் மிஷினுக்கு நம் ஊரில் ஒரு சோகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சினிமாவில் புருஷன் செத்த மறு காட்சியில் கதாநாயகி மிஷின் மிதிப்பாள். அரசாங்கமும் சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மிஷினைக் கொடுப்பது விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் போன்றவர்களுக்குத்தான். அது அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதில் கேலிக்கு இடமில்லை. ஆனால் புருஷன் நன்றாக இருக்கிற வீட்டில் ராத்திரி மிஷின் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் கவலைப்பட்டார்கள்.

ஆகவே பெரியம்மா உறை தைத்தாள். வேறு எதற்கும் அவசியமில்லாத ராத்திரிகளில் ரேடியோவுக்கு உறை, டிரங்குப் பெட்டிக்கு உறை, பின்னால் டிவிக்கும் மிக்ஸிக்கும் உறை, தைக்கிற மிஷினுக்கே ஓர் உறை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுருக்கு வைத்த ஃபிரில். தூசி படியாமல் இருக்கத்தான் என்பாள். ஃபிரிலில்தான் தூசி முதலில் படியும் என்பது அவளுக்குத் தெரியாதா? தலையணை உறையில் கிளி ஒன்று, அதன் அலகில் ஒரு ரோஜா, கீழே "குட் நைட்". அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து அவ்வளவுதான் தெரியும். நள்ளிரவில் அந்தக் கிளிக்குக் கண் வைக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சிக்கனத்தில் யாருக்கும் அப்படி முகம் வராது.

இந்த மிஷினுக்குக் காந்தியின் சர்டிபிகேட்டும் உண்டு. 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், சாந்திநிகேதன் மாணவர், எல்லா யந்திரத்துக்கும் நீங்கள் விரோதியா என்று அவரை மடக்கினார். காந்தி விலக்களித்தது சிங்கர் தையல் மிஷினுக்கு. மனைவி கையால் தைத்து அவதிப்படுவதைப் பார்த்து அவள் மேலுள்ள அன்பால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தியின் நம்பிக்கை. ராமச்சந்திரன் விடவில்லை: அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே? அது அரசுடைமையாக இருக்கட்டும் என்றார் காந்தி. அந்த ராமச்சந்திரன்தான் பின்னால் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

பெரியம்மா இந்த அன்புக் கதையை முழுசாக நம்பினாள். பெரியப்பாவிடம் ஜாடையாகச் சொல்லியும் காட்டுவாள். நான் பிற்பாடு படித்தது வேறு. 1851-இல் காப்புரிமை வாங்கிய ஐசக் மெரிட் சிங்கர் ஒரு நாடக நடிகர். நியூயார்க்கில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் வைத்திருந்தார். பிள்ளைகள் இருபதுக்கும் மேல். ஆக, அன்பு இருந்ததில் ஐயமில்லை. மனைவி என்ற இடத்தில்தான் ஒருமை பன்மை மயக்கம். தவணை முறையை அவர் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர் கூட்டாளி எட்வர்ட் கிளார்க், 1856-இல். பெரியப்பா மாதாமாதம் கட்டிய காசுக்கு மூல புருஷர் அவர்தான். சித்தி வீட்டு மிஷின் மேல் "மெரிட்" என்று எழுதியிருக்கும். அது சிங்கரின் நடுப்பெயர் என்று சொன்னபோது சித்தி கேட்டது: "எந்தக் குடும்பத்துக்கு வச்ச பேரு?"

பிறகு வந்தது ரெடிமேட். திருப்பூர் பனியன் விலையில் ஜிப் மாற்றக்கூட ஆள் கிடைக்காமல் போனது. கிழிந்தால் தூக்கிப் போடு. மிஷின்கள் பரணுக்குப் போயின. சிலது கண்ணாடிப் பலகை ஏறிச் சாப்பாட்டு மேசையாயின. 2020-இல் முகக்கவசம் கிடைக்காத நாட்களில் மட்டும் ஊரெல்லாம் பரணில் இருந்து இறங்கின. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாஸ்க் தைத்துக் குவித்தன. எலாஸ்டிக் தீர்ந்தபோது நானும் பாவாடை நாடாவை உருவிக் கட்டினேன். சுங்குடி மாஸ்க் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "டிசைன் நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?" என்றார். அந்தக் கேள்விக்காக ஒரு பெண் எவ்வளவு வேண்டுமானாலும் தைப்பாள். இதையும் மறைத்துப் பயனில்லை.

தம்பி மகளிடம் இப்போது கம்ப்யூட்டர் மிஷின். நூற்றுக்கணக்கில் தையல் வகை. அவள் போடுவது நேர்த்தையல் ஒன்று. உருளைக் கத்தி, அதற்குக் கீழே வைக்கக் கட்டம் போட்ட பாய், துணி நகராமல் இருக்கப் பிடிப்பான்கள். ஆழாக்கு, அம்மிக் குழவிக்கு வேலையில்லை. நடுவில் வைக்கப் பாலியஸ்டர் பஞ்சு. முதல் குவில்ட்டைத் தைத்து எடுத்துக்கொண்டு மே மாதம் மதுரைக்கு வந்தாள். அக்னி நட்சத்திரம். அம்மா மேல் ஆசையாகப் போர்த்தினாள். பேத்தி மனசு நோகக்கூடாதென்று அம்மா ஏசியைப் பதினெட்டில் வைக்கச் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கரண்ட் பில் வந்தபோது தம்பி அது என்ன என்று கேட்க, போர்வைச் செலவு என்றேன்.

தையல் மட்டும் நன்றாகவே இருந்தது. முனைக்கு முனை பொருந்தி, ஒரு சுருக்கமில்லாமல். அம்மா திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்தாள். தையல் தெரிந்தவர்கள் மேல்பக்கம் பார்ப்பதில்லை. கிழிசலே இல்லாத துணியை எதற்கு வெட்டினாய் என்ற கேள்வி மட்டும் அவளுக்குத் தீரவில்லை.

அது தம்பி மகளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்ததைப் பழைய துணியில்தான் செய்வேன் என்று இந்தப் பொங்கலுக்கு வந்து நின்றாள். நல்ல மங்கிய பருத்திச் சேலை வேண்டுமாம். அவள் வகுப்பில் கூட இருப்பவர்கள் எல்லாரும் அலைகிறார்கள். பாட்டிகளே பாலியஸ்டருக்கு மாறிவிட்ட பிறகு கிழிந்த பருத்திக்கு எங்கே போவது? அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஆச்சியின் சுங்குடி ஏழெட்டு மடிப்புக் கலையாமல் இருந்தன. எத்தனையோ வருஷமாகத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் அவற்றைக் காட்ட, "இதுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் மக்குகூட வராதும்மா, ஜரிகை இருந்தா சொல்லுங்க, பேண்ட் இருந்தா சொல்லுங்க" என்று அவர் சொல்ல, கோபத்தோடு திருப்பி உள்ளே வைத்தவை.

"அப்பத்தா, இதெல்லாம் எடுத்துக்கவா? வெளியில ஒண்ணொண்ணும் என்ன வெல தெரியுமா?"

"அப்பிடியா?" அம்மா பெட்டி மூடியைப் பாதி சாத்தி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "எடுத்துக்கத்தா. உனக்கில்லாததா? சேலைக்கு என்ன பாத்திரம் போடுற, அதச் சொல்லு முதல்ல."

தம்பி மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"இட்லிக் குண்டான் ஒண்ணு. மூடியோட."