ஈயம்–பித்தளை விதி: கைப்பேசிப் பழுதும் பங்காளிக் கேலியும்

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று ஒரு பழமொழி உண்டு. இளித்த பிறகு பித்தளையின் கதி என்ன ஆயிற்று என்பதைப் பழமொழி சொல்லவில்லை. உலோகவியலாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்மார்ட்போன் தொழில் தழைத்த பிறகுதான் இந்தக் கேள்வியைத் தேதி, எடை, தடிமன் சகிதம் ஆராயும் வாய்ப்பு அறிஞர் உலகுக்கு வாய்த்திருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முனைவது ஒன்றைத்தான். ஒரு போன் கம்பெனி இன்னொரு கம்பெனியின் போனில் எந்தக் குறையைக் காட்டிச் சிரிக்கிறதோ, அந்தக் குறையோ அதன் ஒன்றுவிட்ட சகோதரனோ, சிரித்த கம்பெனியின் சொந்தப் பெட்டிக்குள் வந்து உட்காரும். எவ்வளவு நாளில் என்பது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

முதல் சான்று, 2010 ஜூனில் வந்த ஐபோன் 4. அதன் விளிம்பைச் சுற்றி ஓடிய எஃகுப் பட்டைதான் ஆன்டெனா. இடப்பக்கத்தின் அடியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு அந்தப் பட்டையைப் பிரித்தது. இடக்கையில் போனைப் பிடித்தால் உள்ளங்கைச் சதை சரியாக அந்தக் கோட்டின் மேல் படியும். தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு ஆன்டெனாக்கள் கை வழியாக ஒட்டிக்கொள்ளும். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். அப்படிப் பிடிக்காதீர்கள் என்பது ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் தந்த வைத்தியம். ஜூலை 16 அன்று செய்தியாளர்களைக் கூட்டியவர், பிளாக்பெர்ரி, எச்.டி.சி., சாம்சங் போன்களையும் இறுக்கிப் பிடித்தால் சிக்னல் இறங்குவதைப் படம் போட்டுக் காட்டினார். கையோடு, வாங்கிய எல்லோருக்கும் இலவச உறையும் அறிவித்தார். நோக்கியாவும் பிளாக்பெர்ரியும் அறிக்கை விட்டுத் தங்கள் பெருமையைச் சொல்லிக்கொண்டன; எங்கள் போனை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற பாணியில் மோட்டரோலா விளம்பரம் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த மூன்றின் போன் தொழிலும் கைமாறியோ கைவிடப்பட்டோ போனது உண்மை. அதை இந்த விதியின் கணக்கில் எழுத ஆசைதான்; ஆனால் ஆன்டெனாவைக் கேலி செய்ததால் ஒரு நிறுவனம் மூழ்கியது என்றால் எந்தத் தேர்வுக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. விட்டுவிடுவோம். அதே கூட்டத்தில் நடந்த இன்னொன்றுதான் நமக்கு முக்கியம். கைக்குள் அடங்காத பெரிய போன்களை ஜாப்ஸ் அன்று கிண்டலடித்தார்; அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். 2014 செப்டம்பரில் ஆப்பிளே 5.5 அங்குலத் திரையோடு ஐபோன் 6 பிளஸை இறக்கியது. மக்கள் வாங்கினார்கள். பேன்ட் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். போன் வளைந்தது.

7.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அந்த அலுமினிய உடல், ஒலியளவுப் பொத்தான்களுக்காக வெட்டிய இடத்தையொட்டி மடங்கியது. புகார் செய்தவர்கள் மொத்தம் ஒன்பதே பேர் என்றது ஆப்பிள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு போன்களை வரிசையாக எந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தது. 6 பிளஸ் சுமார் 41 கிலோ அழுத்தத்தில் வடிவம் இழந்தது; அதன் தம்பியான ஐபோன் 6 இன்னும் மோசம், 32 கிலோ. இதில் ஆய்வாளர் கண் வைக்க வேண்டிய இடம் எச்.டி.சி. ஒன் எம்8. வளையும் போனைப் பார்த்துச் சமூக வலைத்தளத்தில் சிரித்தவர்களில் எச்.டி.சி.யும் உண்டு, சோதனையில் அதன் போனும் மிகச் சரியாக அதே 32 கிலோவில் வடிவம் இழந்தது. சிரிப்புக்கும் தண்டனைக்கும் இடையே சில நாட்கள்தான். எல்.ஜி.யின் நிலைமை இதைவிடப் பரிதாபம். எங்கள் போன்கள் வளைவதில்லை, இயல்பாகவே வளைவானவை என்று அதன் பிரான்ஸ் கிளை ட்விட்டரில் எழுதியது. பதிவின் அடியில், எந்தக் கருவியிலிருந்து எழுதப்பட்டது என்பதைச் சொல்லும் சின்ன எழுத்தில் 'ஐபோன்' என்று இருந்தது. இங்கே காரணத்துக்கும் விளைவுக்கும் இடைவெளி ஒரே ஒரு வரி. அறிவியலில் இவ்வளவு கச்சிதமான சான்று எளிதில் கிடைப்பதல்ல. போதாக்குறைக்கு, மறு ஆண்டு எல்.ஜி. வெளியிட்ட ஜி4 போன்கள் தாமே அணைந்து அணைந்து எரியும் நோயில் விழுந்தன. உள்ளே பாகங்கள் சரியாகத் தொட்டுக்கொள்ளவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது.

6 பிளஸ் வளைந்த வாரம் சாம்சங்கும் சிரித்தது. அதற்கான பலன் வர ஐந்தாண்டு ஆனது, ஆனால் வட்டியோடு வந்தது. 2019இல் சாம்சங் வளைவதற்கென்றே ஒரு போன் செய்தது: கேலக்ஸி ஃபோல்ட், விலை 1,980 டாலர். விற்பனைக்கு முன் சில விமர்சகர்களிடம் கொடுத்தார்கள். திரையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருந்தது. அதன் ஓரம் சட்டத்துக்குள் மறையாமல், நகத்தால் நெம்ப வசதியாக வெளியே தெரிந்தது. புதுப் பொருளின் மேல் பிளாஸ்டிக்கைக் கண்டால் உரிப்பது மனித இயல்பு, சிலர் உரித்தார்கள். உரிந்தது உறையல்ல, திரையின் உறுப்பு. உரிக்காத சிலருடையதும் கெட்டது. ஏப்ரல் 26 என்று குறித்திருந்த விற்பனை செப்டம்பருக்குப் போனது. திருத்திய போனில் படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் செருகினார்கள்.

குறை என்பது இருப்பதன் பழுதா, இல்லாததும் குறைதானா என்று இங்கே ஒரு மறுப்பு எழும். ஐபோனிலிருந்து ஆப்பிள் ஹெட்போன் துளையை எடுத்தது வடிவமைப்பு முடிவு, அதைப் பழுதென்று எப்படிச் சேர்க்கலாம்? அதைச் சேர்த்தது நான் அல்ல, போட்டிக் கம்பெனிகள்தான். 2016இல் முதல் பிக்சல் போனின் விளம்பரத்தில் கூகுள் ஹெட்போன் துளை இருப்பதைப் பெருமையடித்துக்கொண்டது. 2017இன் பிக்சல் 2இல் துளை இல்லை. சாம்சங் 2017 நவம்பரில், ஐபோன்காரர் ஒட்டுக் கம்பியோடு அல்லாடுவதைக் காட்டி விளம்பரம் செய்தது; 2019 ஆகஸ்டில் வந்த நோட் 10இல் துளை இல்லை. சாம்சங்கின் அந்த விளம்பரம் அதன் யூடியூப் பக்கத்திலிருந்து காணாமல் போனது. 2020 அக்டோபரில் ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. எங்கள் பெட்டியில் எல்லாம் இருக்கிறது என்று சாம்சங்கின் கரீபியன் கிளையும் ஷாவ்மியும் சொன்னதுதான் தாமதம், டிசம்பரில் ஷாவ்மியின் எம்ஐ 11 சார்ஜர் இல்லாத பெட்டியில் வந்தது (கேட்டவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்), ஜனவரி 14 அன்று சாம்சங்கின் எஸ்21 சார்ஜர் இல்லாமலே வந்தது.

இதெல்லாம் விதி அல்ல, வெறும் ஈயடிச்சான் காப்பி என்பார்கள். ஆப்பிள் எதைச் செய்தாலும் மற்றவர்கள் பின்னால் போகிறார்கள், அவ்வளவுதான் என்று. வலுவான மறுப்புத்தான், ஆனால் நாட்காட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு போனின் வடிவமும் பெட்டியும் முடிவாகி, அச்சேறி, லட்சக்கணக்கில் தயாராகி, கடைக்கு வர மூன்று மாதம் போதாது. அக்டோபரில் சாம்சங்கின் ஒரு கிளை சிரித்தபோது ஜனவரிப் பெட்டி ஏறக்குறைய முடிவாகியிருக்க வேண்டும். விளம்பரப் பிரிவு சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே கம்பெனியின் இன்னொரு அறையில் சிரிப்புக்குரிய பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. குறையை முன்கூட்டியே அறியாமல் யாரும் விற்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஐபோன் 6 பிளஸ், ஐபோன் 5எஸ்ஸைவிட 7.2 மடங்கு அதிகமாக வளையக்கூடியது என்று ஆப்பிளின் உள் சோதனைகள் வெளியீட்டுக்கு முன்பே சொன்னதாக 2018இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியே தெரியவந்தது. இன்னொன்று, இவர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு அந்நியர்கள் அல்ல. 2017இல் வந்த ஐபோன் டென்னின் ஓஎல்இடி திரையைச் செய்து கொடுத்தது சாம்சங்கின் திரைப் பிரிவு. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிற ஃபாக்ஸ்கான்தான் இந்தியாவில் ஷாவ்மிக்கும் போன் செய்து கொடுத்தது. கடைத்தெருவில் எதிரெதிரே போர்டு மாட்டியிருக்கும் ஓப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மீ நான்கின் பூர்வீகமும் சீனாவின் பிபிகே என்ற ஒரே வீடு. ஒரே திரை, ஒரே கண்ணாடி, மெலிந்துகொண்டே போகிற ஒரே உடம்பு. பழுது மட்டும் எப்படித் தனித்தனியாக இருக்கும்?

விதியைப் பொய்யாக்கும் சான்றாகச் சாம்சங்கின் நோட் 7ஐக் காட்டுவார்கள். 2016 ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்து, செப்டம்பர் 2 அன்று 25 லட்சம் போன்கள் திரும்பப் பெறப்பட்டு, மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்து, அக்டோபரில் நிறுத்தப்பட்ட போன் அது. முதல் பேட்டரியின் மேல் மூலையில் எதிர்மின்முனைத் தகடு மடங்கியிருந்தது; வேறு கம்பெனி செய்த இரண்டாவது பேட்டரியில் பற்றவைப்பின் பிசிறுகள் காப்பைக் கிழித்தன. போட்டியாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஆனால் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. கருணையால் அல்ல. எல்லோருடைய போனிலும் இருப்பது அதே லித்தியம். வளைவையும் துளையையும் கண்டு கெக்கலித்தவர்கள் நெருப்பைக் கண்டதும் அடங்கினார்கள் என்றால், இந்த விதி நமக்குத்தான் புதிது, அவர்களுக்குப் பழசு. அந்த நோட் 7 அறிமுக மேடையில்தான், எங்களிடம் ஹெட்போன் துளை இருக்கிறது என்று ஒரு சாம்சங் அதிகாரி குத்தலாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே புது போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கம்பெனி எந்தக் குறையைச் சொல்லிச் சிரிக்கிறது என்று பாருங்கள். அந்தக் கம்பெனியின் அடுத்த மாடலில் முதலில் சோதிக்க வேண்டிய இடம் அதுதான். அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தேடினால் கிடைக்காது.