நிற்கத் தொடங்கிவிட்ட காருக்கு அனுமதி வேண்டி

அனுப்புநர்: பழைய அம்பாசிடர் ஒன்றின் உரிமையாளர், சென்னை.

பெறுநர்: மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள் (மக்கள் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர்), வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: பின் ஆக்ஸில் மாற்றி, டிரம் பிரேக் நான்கையும் பிரித்துச் சரிசெய்ததன் விளைவாகக் கார் நிற்கத் தொடங்கியது – உரிய அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52.

மதிப்பிற்குரிய ஐயா,

1972-இல் பதிவான எனது அம்பாசிடர் மார்க் 2, அண்மைக் காலமாக பிரேக்கை மிதித்தால் நிற்கிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். முன்பெல்லாம் இப்படி இல்லை. முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டுவிட்டு வரும். இரண்டாம் மிதியில் வண்டிக்குத் தகவல் போய்ச் சேரும். மூன்றாவதில் பரிசீலனை தொடங்கும். அதற்குள் முன்னால் போகிற ஆட்டோக்காரர் தன் உயிரைத் தானே பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

52ஆம் பிரிவைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வண்டியின் அடிப்படை அம்சம் மாறிப்போகும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றமே ‘மாற்றியமைத்தல்’ என்று அங்கே விளக்கம் இருக்கிறது. தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என் காரின் அடிப்படை அம்சம் என்னவென்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: நிற்காது. அது இப்போது மாறிவிட்டது. வேறு யாராவது மொட்டைக் கடிதம் போடுவதற்கு முன் நானே வந்து சொல்லிவிடுவது நல்லதென்று பட்டது.

நடந்தது இதுதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஊளைச் சத்தம் எழும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதன் சுருதி இறங்கும். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு சுற்று உட்கார்ந்து வந்துவிட்டு, “கிரவுனும் பினியனும் போச்சு சார்” என்றார், பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியைச் சொல்லி. பின் சக்கரங்களைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுத்தபோது பிரேக்கின் அந்தரங்கமும் வெளியே வந்தது. லைனரெல்லாம் கியர் ஆயிலில் ஊறி, எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மெதுவடை போலப் பளபளத்தது.

ஆயில் சீல் போய்விட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். சீல் வெறும் அம்பு. எய்தது வேறு ஆள். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்புறத்தில் பிரீதர் என்று ஒன்று உண்டு, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்ன ஓட்டை. வண்டி ஓட ஓட உள்ளே ஆயில் சூடேறும், காற்று விரியும், விரிந்த காற்று அந்த ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். சேறு பிடித்து அது அடைத்துக்கொண்டால், காற்று ஆயிலைத் தள்ளிக்கொண்டு சீலைத் தாண்டும். தாண்டினால் அடுத்த வீடு பிரேக் டிரம்தான். பிரீதரில் ஒரு கம்பியை விட்டுக் குத்தாமல் புதுப் புது சீலாக வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். தங்கள் ஆய்வுப் படிவத்தில் பிரீதருக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினேன். முதலுதவிப் பெட்டிக்கு இருக்கிறது. அதுவும் ஒரு வகையில் தொடர்புடையதுதான்.

மாற்று ஆக்ஸில், பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் கிடைத்தது. “ஹவுசிங் மட்டும் போதுமா சார், கிரவுன் செட்டோட வேணுமா?” என்று கடைக்காரர் பாய் கேட்ட தொனியில், நான் ஏதோ மிச்சம் பிடிக்கப் பார்க்கிறேன் என்ற சந்தேகம் இருந்தது. டாக்சியாக ஓடிய டீசல் அம்பாசிடரின் ஆக்ஸில் அது. மெக்கானிக் அண்ணன் ஃபிளாஞ்சைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே எவ்வளவு விளையாட்டு என்று பார்த்தார். அடியில் இருந்த பிளக்கைத் திறந்து ஆயிலைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். இரும்புப் பொடி மினுங்கினால் அந்த ஆக்ஸிலை வாங்கக் கூடாது. மினுங்கவில்லை. பாய் எதுவும் பேசாமல் விலையைக் கொஞ்சம் ஏற்றினார்.

காரின் பின்பாதியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். (செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றிவிட்டு அடியில் போய்ப் படுப்பவர்கள், பதிவைப் புதுப்பிக்கத் தங்கள் அலுவலகத்துக்கு இனி அலைய வேண்டியிருக்காது.) புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டையும் கழற்றுவதற்கு முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் குறி போட்டாயிற்று. பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர் எல்லாம் பேச்சுவார்த்தைக்கு இணங்கின. யூ போல்ட் மட்டும் இணங்கவில்லை. அரை நூற்றாண்டாக அங்கேயே குடியிருந்ததால் நட்டு காலிசெய்ய மறுத்து, கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய ஹவுசிங்கை இறக்கவும் புதியதை ஏற்றவும் ஆள்பலம் வேண்டும். டீக்கடையிலிருந்து வந்தவர்கள் பிடித்தார்கள், யோசனையும் சொன்னார்கள். புது யூ போல்ட்டைப் போட்டு இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடியும் இறுக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் தன் இடத்தில் அமர்ந்த பிறகு நட்டு தளரும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. இந்த ஆக்ஸிலின் ரேஷியோ கொஞ்சம் வேறு. கிரவுன் பல்லை எண்ணிப் பினியன் பல்லால் வகுத்தால் வருகிற அந்தக் கணக்கு மாறினால், அதே எஞ்சின் சுற்றுக்குச் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றும். ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, ஆகவே பின்னால் ஆக்ஸில் மாறிய செய்தி அதற்கு எட்டவேயில்லை. முள் இப்போது ஒரு வேகம் சொல்கிறது, சக்கரம் வேறு வேகத்தில் போகிறது. ஒரு காலத்தில் முள் எதையுமே சொல்லாமல் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதற்கு ஆட்சேபம் வந்ததில்லை என்பதால் இதற்கும் வராதென்று நம்புகிறேன்.

இனி பிரேக். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்முக்குள் சேர்ந்த தூளைக் கம்ப்ரஸர் வைத்து ஊதினால் அது நேரே நுரையீரலில் போய்ப் பதிவாகும். அந்தப் பதிவுக்குப் புதுப்பித்தல் தேவையில்லை. ஈரத் துணியால்தான் துடைத்தோம். ஷூவுக்குப் புது லைனர் வைத்து ரிவிட் அடித்தாயிற்று. ரிவிட்டின் தலை லைனருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது டிரம்மில் கோடு கிழிக்கும். டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்தோம். ஒரு பக்கம் கடைந்தால் எதிர்ப் பக்கமும் அதே அளவு கடைய வேண்டும். வலது டிரம் ஒரு மாதிரியும் இடது டிரம் ஒரு மாதிரியும் இருந்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மாற்றும்போது ரப்பருக்கு கிரீஸ் தடவ உதவியாளர் தம்பி ஒருவர் முனைந்தார். மெக்கானிக் அண்ணன் அவரை அங்கேயே வைத்து ஒரு பாடம் நடத்தினார்: பெட்ரோலோ சாதாரண கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடும், பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் ஏற்ற வேண்டும். பிறகு ஏர் எடுக்கும் படலம். மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் அடியில் படுத்து நிப்பிளைத் திறக்க, “மிதி… மிதி… பிடிச்சுக்கோ… விடாதே…” என்று தெரு முழுக்கக் கேட்டது. குமிழி வருவது நின்றால் முடிந்தது. இந்த மாடலில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கோ ஒரு மூலையில் ஒரு சிலிண்டர் ஒழுகினால் நான்கும் சேர்ந்து கைவிடும், மிச்சமிருப்பது ஹேண்ட்பிரேக்கும் இஷ்ட தெய்வமும்தான்.

பழைமை கெட்டுவிட்டதா என்ற கேள்வியைத் தாங்கள் கேட்பதற்குள் நானே கேட்டுக்கொண்டேன். 50 ஆண்டைத் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிய 2021-இல் விதி வந்தது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரேக் என்ற பேச்சே இல்லை. அசலான பாடியோடும் அசலான எஞ்சினோடும் போய்ச் சுவரில் மோதிக்கொள்ள இதில் தடையேதும் இல்லை என்று புரிந்துகொண்டேன்.

அம்பாசிடரைப் பொறுத்தவரை ‘அசல்’ என்பதே வேடிக்கையான விஷயம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-இல் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம்தான் நின்றது. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி வந்து, கிரில்லையும் விளக்கையும் அவ்வப்போது மாற்றி, இடையில் எஞ்சினையும் மாற்றி, உடம்பை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். எந்த விதியும் கட்டாயப்படுத்தாமலே ஒரு தொழிற்சாலை 57 ஆண்டு அசல் வடிவத்தைக் காப்பாற்றிய கதை வேறெங்கும் அதிகம் இருக்காது. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளையிடமிருந்து எடுத்த ஆக்ஸிலைத் தாத்தாவுக்குப் பொருத்தியிருக்கிறேன். இதை உறுப்பு மாற்றமாகத் தாங்கள் கருதினால் அதற்கான படிவத்தையும் நிரப்பித் தரத் தயார்.

வின்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்து ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனால் அன்றாட வேலைக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. காட்சிக்கு, பேரணிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, எரிபொருள் நிரப்ப, பராமரிப்புக்கு மட்டும் போகலாம். இதை எழுதியவர் வீட்டில் கட்டாயம் ஓர் அம்பாசிடர் இருந்திருக்க வேண்டும். என் கார் எப்போது ரோட்டில் போனாலும் ஒன்று பட்டறைக்குப் போகும், இல்லையென்றால் பட்டறையிலிருந்து திரும்பும். பால் வாங்கப் போவதும் இனி ஆராய்ச்சிதான்: மழைத் தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம் காய்வதற்குள் பிரேக் பிடிக்குமா என்பது ஆய்வுப் பொருள். குன்னூர் மலைப்பாதையில் இறங்கும்போது சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலக, பெடல் கீழே போய்க்கொண்டேயிருப்பது இன்னொரு ஆய்வு. இரண்டாம் கியரில் இறங்குபவர்கள் அந்த ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க உயிரோடு வருவார்கள்.

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். சென்ற முறை பதிவைப் புதுப்பிக்க இதே காரைக் கொண்டுவந்தேன். கட்டணம் 600 ரூபாயாக இருந்த காலம் போய், 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகியிருந்தது. அதனால் ஆய்வும் அதே விகிதத்தில் ஆழமாக இருக்குமென்று எதிர்பார்த்தேன். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஹார்ன் அடிக்கச் சொன்னார்கள். மார்க் 2-இன் சதுரங்கப் பலகை கிரில்லைத் தடவிப் பார்த்து, எங்க மாமாகிட்ட இது இருந்துச்சு என்றார் ஒருவர். பிறகு, “பிரேக் இருக்கா?” என்றார்கள். “இருக்கு” என்றேன். பேனா கட்டத்தில் டிக் போட்டது. லைனர் அப்போதே ஆயிலில் குளித்துக்கொண்டிருந்தது.

தவறாக நினைக்க வேண்டாம். டிரம்மைக் கழற்றிப் பாருங்கள் என்று கேட்க நான் யார்? சக்கரத்தை ரோலர் மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறதென்று தனித்தனியாக அளக்கிற இயந்திரம் இருப்பது எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். எண் தேய்த்த காகிதம் கோப்பில் பத்திரமாக இருக்கும், பிடிமானத்தைக் கோப்பில் எப்படி ஒட்டுவது? என் கவலை சட்டம் சார்ந்தது மட்டுமே. நிற்காத நிலையில் இந்தக் காரைத் தாங்கள் ஆய்வுசெய்து, எல்லாம் முறைப்படி இருக்கிறதென்று சான்று தந்தீர்கள். அரசு முத்திரையோடு சரியென்று முடிவான நிலை அது. அந்த நிலையிலிருந்து கார் இப்போது விலகி நிற்கிறது, அதுவும் முதல் மிதியிலேயே, நேர்கோட்டில்.

ஆகவே ஐயா, பதிவுச் சான்றில் ‘நிற்கும்’ என்ற சொல்லைச் சேர்த்து, அதற்குரிய கட்டணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அது விதியில் இல்லையென்றால், காரைச் சான்றளித்த நிலைக்கே திருப்ப எழுத்துப்பூர்வமாக ஆணையிடவும். பழைய லைனரைத் தூக்கிப் போடவில்லை. பிரீதரில் கொஞ்சம் சேறு அப்பினால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காரின் உரிமையாளர்

இணைப்பு: 1. புதுப்பேட்டை ரசீது (துண்டுச் சீட்டு, தொகை மட்டும் உள்ளது). 2. பழைய பின் பிரேக் லைனர், நான்கு. மற்ற கோப்புகளின் மேல் வைக்க வேண்டாம், இன்னும் ஆயில் வடிகிறது.