சிதம்பரத்தில் பிறக்காத சிதம்பரங்கள்

சிதம்பரம் என்பது கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊர்; மற்ற மாவட்டங்களில் ஓர் ஆள். ஓட்டப்பிடாரத்தில் ஒரு சிதம்பரம் பிறந்து கப்பல் விட்டார். கானாடுகாத்தானில் ஒரு சிதம்பரம் பிறந்து பட்ஜெட் போட்டார். சென்னையில் ஒரு சிதம்பரம் பிறந்து அணுகுண்டு வெடித்தார். சிதம்பரத்தில் பிறந்த சிதம்பரம் என்று இந்தக் கட்டுரையில் ஒருவரும் வரமாட்டார். உள்ளூர்க்காரர்கள் பிள்ளைக்கு நடராஜன், சபாபதி, சபேசன் என்று சாமி பெயரை வைத்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டுமானால் முன்னால் ஒட்டிக்கொள்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரரான தங்கர் பச்சான் 2005இல் எடுத்த படத்துக்குக்கூட 'சிதம்பரத்தில் ஒரு அப்பாசாமி' என்றுதான் பெயர். விஷயம் தெரிந்தவர்.

ஒரே பெயரில் ஊர்ப்பட்ட பேர் பிரபலமாகிவிடுவது தமிழருக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. வேல்ஸ் நாட்டில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களைத்தான் ஊரே பங்குபோட்டுக்கொண்டிருக்கிறது. 2006இல் கார்டிஃப் நகரில் ஜோன்ஸ்களை மட்டும் ஓர் அரங்கத்துக்கு அழைத்தார்கள். 1,224 பேர் வந்து உட்கார்ந்து உலக சாதனை செய்தார்கள். அங்கேயும் முன்பு குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன் இன்னார், அவ்வளவுதான். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டம் வேல்ஸுக்குள் நுழைந்த பிறகு, தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயரைப் பதிவேட்டில் எழுதிச் சலித்த குமாஸ்தாக்களின் கை ஓங்கியது. அப்பன் பெயரையே வம்சத்துக்கும் சேர்த்து ஆணியடித்துவிட்டார்கள். ஜான் மகன்கள் ஜோன்ஸ் ஆனார்கள், டேவிட் மகன்கள் டேவிஸ் ஆனார்கள். ஒரே தெருவில் ஏழெட்டு ஜோன்ஸ் சேர்ந்ததும், பால்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிடும்படி ஆயிற்று.

அந்த டேவிட் கடலூருக்கும் வந்து சேர்ந்தார். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல், வேல்ஸ் வம்சத்தவர். கோட்டைக்கு வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயரே அமைந்தது: புனித டேவிட் கோட்டை. கோட்டையைச் சுற்றி நிலம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். கம்பெனி கூச்சப்படாமல் நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலு திசையிலும் சுட்டது. கடலூர் நகரமே குண்டுக்குள் அடங்கிப்போயிற்று. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. யேல் பிற்பாடு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குச் சரக்கும் புத்தகமும் கொடுத்துத் தன் பெயரை யேல் பல்கலைக்கழகம் ஆக்கிக்கொண்டார். ஊர் ஒன்று, பெயர் ஒன்று என்ற விளையாட்டை வேல்ஸ்காரர்களும் அறிந்தவர்களே.

தமிழ் ஊர்களில் எது ஆள் பெயராகும், எது ஆகாது என்பதற்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையே சான்று. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய செம்மங்குப்பம் முதலில் வரும். பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. இத்தனை ஊரில் ஒன்றின் பெயரையும் எந்தத் தாயும் தொட்டிலில் போட்டதில்லை. "ஏ புதுச்சத்திரம், சாப்பிட வா" என்று கூப்பிட யாருக்கும் மனம் வராது. பழனி, அண்ணாமலை, காசி, திருப்பதி, விருத்தாசலம், சிதம்பரம் ஆகியவை பெயராகும். பண்ருட்டி, அரசியல்வாதி ராமச்சந்திரனுக்கு முன்னால் நிற்கலாமே தவிர, தனியாக ஓர் ஆள் பெயர் ஆக முடியாது. சாமி பட்டா வாங்கிய ஊருக்குத்தான் இந்தச் சலுகை. சைவர்களுக்குக் 'கோயில்' என்று மொட்டையாகச் சொன்னாலே சிதம்பரம்தான் என்பதால், அந்தப் பெயர் திருநெல்வேலிச் சீமையிலும் செட்டிநாட்டிலும் வீட்டுக்கு வீடு புகுந்தது. பெண்களுக்குச் சிதம்பரத்தம்மாள், சிதம்பரவடிவு. தூரத்து ஊர்க்காரருக்குத்தான் கோயில்மேல் ஏக்கம் அதிகம். பக்கத்தில் இருப்பவருக்கு அது தேர் வரும்போது பஸ் நிற்கும் இடம்.

சிதம்பரம் என்ற பெயருள்ளவர் கடலூர் பேருந்து நிலையத்தில் நிற்பதும் சுலபமல்ல. "செதம்பரம் செதம்பரம் செதம்பரம்! ஏறு ஏறு, உக்காந்து போலாம்!" என்று படியில் தொங்கியபடி நடத்துநர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவரை ஒருமையில் அழைத்துக்கொண்டிருப்பார்.

வரலாற்றில் முன்னால் நிற்பவர் பதினேழாம் நூற்றாண்டுத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள். பிறந்தது மதுரை, குரு குமாரதேவர் இருந்தது விருத்தாசலம், கோயில் எழுப்பியதும் சந்நிதி முறை பாடியதும் திருப்போரூர். பெயருக்குரிய ஊரைச் சுற்றிச் சுற்றியே வாழ்ந்திருக்கிறார். பின்னால் வந்த சிதம்பரங்களும் இதே வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள்.

எல்லாச் சிதம்பரங்களுக்கும் தலைவர் 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாதர். அந்த உலகநாதர் தமிழில் 'உ' ஆகவும் ஆங்கிலத்தில் 'ஓ' ஆகவும் நிற்பதால், வ.உ.சி.யும் வி.ஓ.சி.யும் ஒருவரா இருவரா என்ற சந்தேகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை ஓட்டியது. எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. சும்மாவே ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்பார்கள். ஏகாதிபத்தியம் ஒரு வக்கீலுக்குப் பயந்து குடை விநியோகம் செய்த அந்தக் காலம் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்து 1912இல் விடுதலையாகும்வரை சிறையில் இருந்தார், கோயம்புத்தூரில் செக்கிழுத்ததும் அதில் அடக்கம். அதே கோயம்புத்தூரில் இன்று வ.உ.சி. பூங்கா இருக்கிறது, குழந்தைகள் வெகுகாலம் அங்கே போனது குரங்கும் மயிலும் பார்க்க.

அவருக்குப் பட்ட கடனை அரசாங்கம் பெயர் வைத்தே அடைத்தது. 1986இல் திருநெல்வேலியைப் பிரித்து உண்டாக்கிய புது மாவட்டம் சிதம்பரனார் மாவட்டம் ஆயிற்று. சிதம்பரம் அதில் இல்லை. அது மாநிலத்தின் இன்னொரு மூலையில் தென்னார்க்காட்டில் கிடந்தது. மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்களையெல்லாம் நீக்கியபோது சிதம்பரனாரும் இறங்கிக்கொண்டார். 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. கப்பல்காரருக்குப் பொருத்தமான இடம், முதலிலேயே தோன்றியிருக்கலாம்.

இலக்கியப் பக்கம் வந்தால் சிதம்பரநாதர்கள் இருவர். தென்காசிக்காரரான ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார், கம்பராமாயணத்தில் இது கம்பன் பாட்டு அல்ல என்று தம் காதுக்குப் பட்ட பாடல்களையெல்லாம் தள்ளி மிச்சத்தைப் பதிப்பித்தார். அ.சிதம்பரநாதன் செட்டியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். ஒரு சிதம்பரநாதர் பாட்டைக் குறைத்தார், இன்னொருவர் சொல்லைப் பெருக்கினார், கணக்கு நேராகிவிட்டது. 'மணிக்கொடி' இதழ்க்காரரான ந.சிதம்பரசுப்பிரமணியன் 'இதயநாதம்' நாவலோடு தனியாக நிற்கிறார்.

தொ.மு.சி.ரகுநாதனில் உள்ள 'சி'யும் சிதம்பரமே. முழுப் பெயர் சிதம்பர ரகுநாதன், திருநெல்வேலி. நெசவாளர் வாழ்வை எழுதிய 'பஞ்சும் பசியும்' நாவலாலும், பாரதி ஆய்வுக்காக 1983இல் கிடைத்த சாகித்திய அகாதெமி விருதாலும் பெயர் பெற்றவர். அவருடைய இன்னொரு முக்கியமான வேலை 'புதுமைப்பித்தன் வரலாறு'. புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ.விருத்தாசலம், அவரும் நெல்லைக் குடும்பத்தவர், தந்தை வருவாய்த்துறை உத்தியோகத்தில் இருந்ததால் 1906இல் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். ஆகவே தமிழ்ச் சிறுகதையின் பெரிய வாழ்க்கை வரலாறு, விருத்தாசலத்தைப் பற்றிச் சிதம்பரம் எழுதியது. இரண்டும் கடலூர் மாவட்டத்து ஊர்கள், எழுதியவரும் எழுதப்பட்டவரும் திருநெல்வேலி ஆட்கள். தாமிரபரணிக்காரர்களுக்குப் பெயர் வைக்கும் ஏற்பாட்டைக் கடலூர் மாவட்டம் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தது போலத் தெரிகிறது.

முன்னெழுத்துக்குள் பதுங்கிய சிதம்பரங்களைக் கண்டுபிடிப்பது கடினம். தமிழருக்கும் பிள்ளை, முதலியார், செட்டியார் என்று பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகு வால் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, தலையெழுத்து மட்டும் மிஞ்சியது. அதில் 'சி' என்று இருந்தால் சின்னசாமியா, சிவராமனா, சிதம்பரமா என்பது வீட்டாருக்கே வெளிச்சம். சி.எஸ்.ஜெயராமனின் 'சி' ஊர்ச் சிதம்பரம். 'சம்பூர்ண ராமாயண'த்தில் ராவணனுக்காகப் பாடி, ராமன் கட்சிக்காரர்களையும் கொஞ்ச நேரம் இலங்கைப் பக்கம் சாயவைத்த குரல். பசுமைப் புரட்சியின் மந்திரி சி.சுப்பிரமணியத்தின் 'சி' அப்பா சிதம்பரம். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அவர் 1974 முதல் 1977 வரை நிதியமைச்சர். பிறகு 1996இல் ப.சிதம்பரம் அதே நாற்காலிக்கு வந்தார். நாட்டின் கஜானாவை முதலில் முன்னெழுத்தாகவும் பின்னர் முழுப் பெயராகவும் சிதம்பரம் காவல் காத்திருக்கிறது.

ப.சிதம்பரத்தின் தாய்வழித் தாத்தா ராஜா சர் அண்ணாமலை செட்டியார். சிதம்பரத்தை ஒட்டி 1929இல் பல்கலைக்கழகம் அமைத்தவர் அவரே. அதற்குத் தம் பெயரை வைத்தார். அதற்கு ஈடாக, மகன்களில் ஒருவர் எம்.ஏ.சிதம்பரம், மகள் வயிற்றுப் பேரன் ப.சிதம்பரம். ஊரில் அண்ணாமலை, வீட்டில் சிதம்பரம் என்று பண்டமாற்று முடிந்தது. மாமா சிதம்பரம் 1960 முதல் 1963 வரை கிரிக்கெட் வாரியத் தலைவர். சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. மருமகன் பெயரில் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. சிதம்பரத்தில்தான் ஆட்டம் என்று நினைத்தவர் யாரும் இருக்கக்கூடாது என்று நம்பலாம். 1969இல் மாமா தொடங்கிய ஸ்பிக் உரக் கம்பெனியின் ஆலை எங்கே என்றால் தூத்துக்குடியில். சில வருஷம் சிதம்பரத்தின் ஆலை சிதம்பரனார் மாவட்டத்தில் ஓடியது.

வ.உ.சி. மறைந்த அதே 1936 நவம்பரில் சென்னையில் பிறந்தவர் அணு விஞ்ஞானி ஆர்.சிதம்பரம். பொக்ரானில் 1974இலும் 1998இலும் நடந்த இரண்டு சோதனைகளிலும் அவர் கை உண்டு. இரண்டாவது முறை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் தலைக்குமேலே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. விஞ்ஞானிகள் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு, பட்டாளத்துப் பெயரும் பட்டாளத்து நடையுமாகப் பாலைவனத்தில் உலாவினார்கள். அப்துல் கலாம், மேஜர் ஜெனரல் பிருத்விராஜ். சிதம்பரம், மேஜர் ஜெனரல் நட்ராஜ். உளவாளிகளைக் குழப்ப யோசித்து யோசித்து வைத்த பெயர் இது. சிதம்பரத்துக்குள் யார் இருக்கிறார் என்று செம்மங்குப்பத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டிருந்தால் நடராஜர் என்று உடனே சொல்லியிருக்கும். அமெரிக்க உளவுத்துறையில் கடலூர்க்காரர் ஒருவர்கூட வேலையில் இல்லாதது இந்தியாவின் நல்ல காலம். மே 11 அன்று குண்டு வெடித்த பிறகே உலகத்துக்குத் திரை விலகியது. இதற்கு முன் சிதம்பர ரகசியம் இவ்வளவு சத்தத்தோடு வெளிவந்ததில்லை.

சினிமாவில் 1985ஆம் வருஷம் விசேஷமானது. விசு 'சிதம்பர ரகசியம்' எடுத்தார். அதே வருஷம் கேரளத்தில் அரவிந்தன் 'சிதம்பரம்' என்றே ஒரு படம் எடுத்துத் தேசிய விருது வாங்கினார். கொடைக்கானல் குணா குகையில் மாட்டிய மலையாளப் பையன்களைப் பற்றி 2024இல் வந்து தமிழ்நாட்டிலும் ஓடு ஓடென்று ஓடிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தின் இயக்குநர் பெயரும் சிதம்பரம். அவரும் சிதம்பரத்துக்காரர் அல்ல, கண்ணூர்ப் பக்கத்தவர்.

இப்போது அந்த வேல்ஸ் குமாஸ்தாவின் வேலையைப் பாஸ்போர்ட் விண்ணப்பம் செய்கிறது. அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தமிழர்கள் வெகுகாலம் அதைக் காலியாகவே விட்டுவந்தார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயரோடு வருகிறவரைச் சுற்றுலா விசாவில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்ததும் அந்தக் கட்டத்தின் அருமை தெரிந்தது. அப்பா பெயரை எடுத்து அதில் போடுவதே வழி. வேல்ஸ்காரர்கள் பதினாறாம் நூற்றாண்டில் பட்டதைத் தமிழர்கள் விமான நிலையத்தில் படுகிறார்கள். முன்னாள் நிதியமைச்சர் ப.சிதம்பரத்தின் மகன் பெயர் கார்த்தி சிதம்பரம் என்றே வழங்குகிறது. பெயர் முன்னெழுத்திலிருந்து நகர்ந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கார்டிஃபில் மேற்படிப்புக்குப் போகும் பையனின் டிக்கெட்டிலும் இதே கதை. "மிஸ்டர் சிதம்பரம், உடனே நுழைவாயிலுக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி மூன்று முறை கூவும். பையன் காதில் விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டான். அது அவன் அப்பா பெயர். கூப்பிடப்பட்ட சிதம்பரம் அந்நேரம் காரைக்குடியில் மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுத்திருப்பார்.