முனியறை ஏறிய வாத்தியார்

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுப்பவன் நான். சர்க்கரை செல்லுக்குள் போய், ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு உண்டாகிற கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரோடுதான் பழைய மாணவர்கள் நாலு பேருடன் உடுமலை, சின்னாறு வழியாக மறையூர் போனேன்.

கரும்பாலைக் கொட்டகையில் பாகைச் சூடு ஆறுமுன் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம். ஒன்றைக் கடித்தபடி, "ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி! பெட்ரோல் போட்டாச்சு, ஏறலாம்" என்றேன்.

"இப்பக் கணக்கு 30, 32தான் சார்" என்றாள் கல்லூரியில் படிக்கும் ஒருத்தி.

பேச்சை மாற்ற, 1929இல் ஏடிபியைக் கண்டுபிடித்தவர் கார்ல் லோமன் என்றேன்.

"அதே வருஷம் ஹார்வர்டில் ஃபிஸ்க்கோட சேர்ந்து சுப்பாராவும் கண்டுபிடிச்சார் சார். சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர்."

வாயை மூடிக்கொண்டு, முனியறைகள் என்னும் பழங்காலக் கல்லறைகள் இருக்கும் பாறையில் ஏறினேன். பாதியில் நாக்குத் தள்ளியது. தசையில் இருக்கும் ஏடிபி கையிருப்பு சில நொடிகளுக்குத்தான். செலவாகச் செலவாகப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவால் ஈடுகொடுக்க முடியாதபோது தசை குறுக்கு வழிக்குப் போகிறது: குளுக்கோஸுக்கு வெறும் 2 ஏடிபி, மிச்சம் லாக்டேட். உட்கார்ந்துவிட்டேன்.

தலையில் விறகுக் கட்டுடன் ஒரு பாட்டி கடந்து போனார். "மெதுவா வாங்க தம்பி, பாறை எங்கயும் போயிராது." அவர் கெண்டைக்காலில் இருப்பவை தினமும் உழைத்துப் பெருகிய மைட்டோகாண்ட்ரியா. என்னுடையவை நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியவை.

மறுநாள் தொடை கல்லாகிவிட்டது. "லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு" என்று விளக்கினேன். அதுவும் தப்பு. லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாள் வலி, இறங்கும்போது தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. திருத்தியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டியூஷனுக்கு நடந்தே போகிறேன். மைட்டோகாண்ட்ரியா பெருகச் சில வாரமாவது பிடிக்கும். ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. அதில் ஒரு நாள் மழை; ஆட்டோவில் போனேன்.