இந்த மாசம் மட்டும்

அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒன்பது லட்சம். "மெட்ராஸுக்கு இது போதுமா மாமா?" என்று கோவில்பட்டியிலிருந்து போன் போட்டான். மாதக் கடைசியில் மளிகைக்கடைக்காரர் கண்ணில் படாமல் அடுத்த தெருவைச் சுற்றி வீடு சேருகிறவனிடம் பொருளாதார யோசனை கேட்கிறான்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சி.டி.சி.யைப் பார்த்து மயங்காதே மாப்ளே" என்று ஆரம்பித்தேன். பி.எஃப்.புக்குக் கம்பெனி போடும் பங்கை அதிலேயே சேர்த்திருப்பார்கள். நம் பங்கு 12 சதவீதம் தனியே போகும். கிராஜுவிட்டியும் உள்ளே இருக்கும். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால் கண்ணில் காட்டுவார்கள். ஒன்பது லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து வருகிற விடை கணக்கு வாத்தியாருக்குத்தான் உதவும்.

அடுத்து வாடகை. "கைக்கு வருகிறதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது."

"நீங்க எவ்வளவு குடுக்கீங்க மாமா?"

லைன் சரியில்லை என்றேன்.

அட்வான்ஸ் பற்றியும் சொன்னேன். 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய. மடிப்பாக்கத்தில் குடி வந்தபோது இதை ஹவுஸ் ஓனரிடம் எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப வேறு மாதிரியே ஒப்புக்கலாம் சார்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

கரண்ட் பில்தான் எங்கள் வீட்டு வீரகாவியம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதோடு போகாது. பின்னால் போய் 101 முதல் 200 வரை எரித்ததற்கும் கூடுதல் விலை போடுவார்கள். வித்தியாசம் என்னவோ இருநூற்றுச் சொச்சம். ஆனாலும் ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரத்தில் நான் டார்ச்சோடு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன் குத்தவைத்திருப்பேன். 487 என்றால் அன்றிரவு ஏ.சி. கிடையாது. வியர்வையில் மூன்று தடவை குளித்து, மோட்டார் போட்டு, 503-இல் போய் நிற்போம்.

"மிச்சம் ஏதாவது பிடிக்கீங்களா மாமா?"

பிடிக்கலாம். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டுதான் வருகிறேன். ஜூனில் ஸ்கூல் பீஸ். ஆகஸ்டில் மச்சினி மகள் சடங்கு. சீர் செய்யாமல் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அப்புறம் வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி. டிசம்பரில் வெள்ளத்தில் நின்ற அதே வண்டிக்கு மெக்கானிக். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'இந்த மாசம் மட்டும்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. சாதாரண மாசம் என்று ஒன்று வந்தால் சேமிக்க நான் ரெடி. இதுவரை வரவில்லை.

"அப்ப போதுமா, போதாதா?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவன் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள். "போதும்டா கண்ணா. மாமாவை விட உனக்கு ஜாஸ்திதான். தனி வீடெல்லாம் பார்க்காதே, முன் ரூம் சும்மாதானே கிடக்கு? மாசாமாசம் வாடகையில பாதி குடுத்துரு."

போனை என்னிடம் நீட்டினாள். "உங்க மூணுல ஒரு பங்கு கணக்கு இப்பவாச்சும் சரியா வருதா பாருங்க."